ஆண்டறிக்கை: நாம் சென்று வந்த கொலை மர்ம விருந்து நாடகம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது நாடக ரசிகர் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. நாடகப் பிரதிகளை வாய்விட்டு வாசிக்கும் வழக்கம் இந்த ஆண்டும் தொடர்ந்தது. சங்க நூலகத்தின் பட்டியல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இவற்றை இத்தோடு நிறுத்திக்கொண்டு, நமக்குள் இன்றுவரை பேச்சு ஓயாத அந்தக் கொலை மர்ம விருந்து நாடகத்துக்கு (விருந்தின் நடுவே ஒரு கொலை நடிக்கப்பட, விருந்தினர்களே கொலையாளியைக் கண்டுபிடிக்கும் நாடகம் அது) இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன்.

அங்கே போவதற்கு முந்தைய மாதக் கூட்டத்தில் இவ்வகை நாடகங்களின் வரலாற்றைப் பற்றி நமது துணைத் தலைவர் உரையாற்றினார். வராதவர்களுக்காகச் சில செய்திகளை இங்கே பதிவு செய்கிறேன். 1935இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய ஒரு நீதிமன்ற நாடகத்தில், பார்வையாளர்களிலிருந்தே நடுவர் குழுவைத் தேர்ந்தெடுத்து மேடையில் அமர்த்தினார்கள். அவர்கள் தரும் தீர்ப்பைப் பொறுத்து நாடகத்தின் முடிவு மாறியது. க்ளூடோ பலகை விளையாட்டை உருவாக்கிய ஆண்டனி பிராட் ஓர் இசைக்கலைஞர். தாம் வாசிக்கச் சென்ற இடங்களில் விருந்தினர்கள் ஆடிய கொலை மர்ம விளையாட்டுகளை நினைவில் வைத்திருந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை அவர் வடிவமைத்தார். 1949இல் அது விற்பனைக்கு வந்தது. ஜெர்மானிய நாடகாசிரியர் பால் போர்ட்னர் 1963இல் எழுதிய நாடகம் ஒன்றின் அமெரிக்க வடிவம் 1980இல் பாஸ்டனில் தொடங்கி, நாற்பது ஆண்டுகள் ஓடியது. அதில் பார்வையாளர்கள் சந்தேக நபர்களை நேரடியாகக் கேள்வி கேட்கலாம். கொலையாளி யார் என்று வாக்களிக்கலாம். சார்லஸ் டிக்கன்ஸ் 1870இல் இறந்தபோது முடிக்காமல் விட்டுச்சென்ற நாவலைக் கொண்டு 1985இல் அமைக்கப்பட்ட இசை நாடகத்திலும் கொலையாளியைத் தீர்மானிப்பது பார்வையாளர்களின் வாக்குதான்.

இந்த உரை முடிந்ததும் எழுந்த விவாதத்தைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. வாக்கெடுப்பால் கொலையாளியை முடிவுசெய்வது நல்லதா, எழுத்தாளர் முன்கூட்டியே முடிவுசெய்து மறைத்துவைப்பது நல்லதா? இளம் உறுப்பினர்கள் பலர் வாக்கெடுப்பின் பக்கம் நின்றார்கள். ஒவ்வோர் இரவும் வேறு முடிவு வருவது அவர்களைக் கவர்ந்தது. என் கட்சி மற்றது. விடை ஒன்று உறுதியாக இருந்தால்தான் கேள்விக்கு மதிப்பு உண்டு. யாரை வேண்டுமானாலும் கொலையாளி ஆக்கலாம் என்றால் தடயங்களை எதற்காகக் கூர்ந்து பார்க்க வேண்டும்? 1929இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் ஒன்று, துப்பறிவாளர் கண்டெடுக்கும் தடயம் எதுவானாலும் அதை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்கிறது. அந்த நேர்மை மேடையிலும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் பார்த்த நாடகம் இந்த வகையைச் சேர்ந்தது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இனி அன்றைய மாலை. கொலையாளியின் பெயரை இந்த அறிக்கையில் எழுதப்போவதில்லை. அன்று வர இயலாத உறுப்பினர்கள் அடுத்த முறை செல்ல இருக்கிறார்கள். லண்டனில் 1952ஆம் ஆண்டு தொடங்கிய புகழ்பெற்ற மர்ம நாடகத்தில், முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று ஒவ்வொரு முறை நாடகம் முடியும்போதும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். அதே கண்ணியத்தை நாமும் காப்போம். நாடகக் குழு வெளியிட அனுமதித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பழம்பொருள் சேகரிக்கும் செல்வந்தர் ஒருவர் தொழிலிலிருந்து ஓய்வு பெறுகிறார். அதற்காக அவர் அளிக்கும் விருந்துக்கு நாம்தான் விருந்தினர்கள். வாசலில் நம்மை வரவேற்றுப் பெயர் அட்டை கொடுத்தவரே ஒரு பாத்திரம் என்பது பலருக்கு வெகுநேரம் தெரியவில்லை. மருமகன், குடும்ப மருத்துவர், பாடகி, பழைய கூட்டாளி ஆகியோர் மேசை மேசையாக வந்து நலம் விசாரித்தார்கள், ஒருவரைப் பற்றி ஒருவர் முணுமுணுத்தார்கள். நாம் சாதாரணப் பேச்சு என்று நினைத்துக் கேட்ட இந்த வார்த்தைகளில்தான் முக்கால்வாசித் தடயங்கள் இருந்தன. முதல் சுற்று பரிமாறி முடிந்ததும் விளக்கு அணைந்தது. விளக்கு வந்தபோது செல்வந்தர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார்.

அதன்பின் துப்பறிவாளர் பாத்திரம் வந்து ஒவ்வொரு மேசைக்கும் ஓர் உறையைக் கொடுத்தது. எந்த இரண்டு மேசைக்கும் ஒரே தடயம் இல்லை. ஒரு மேசையிடம் கிழிந்த கடிதத்தின் மேல்பாதி இருந்தது. கீழ்ப்பாதி மண்டபத்தின் மறுகோடியில் முன்பின் அறியாதவர்கள் கையில் இருந்தது. எழுந்து போய்ப் பேசினால்தான் கடிதம் முழுமையாகும். இந்த ஏற்பாட்டை யோசித்தவரை மனமாரப் பாராட்டுகிறேன். முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிவிட்டு வீடு திரும்பும் நமக்கு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச வேண்டிய கட்டாயத்தை எந்த நாடகமும் இதுவரை தந்ததில்லை.

விசாரணைப் பகுதியே இந்த வகை நாடகத்தின் உயிர். நடிகர்களுக்கு அங்கே முழு வசனம் கிடையாது. தம் பாத்திரம் எங்கே இருந்தது, எதைப் பார்த்தது, எதை மறைக்கிறது என்ற விவரங்கள் மட்டும் அவர்களுக்கு மனப்பாடம். மற்றதெல்லாம் அந்த நொடியில் பிறக்க வேண்டும். குற்றமற்ற பாத்திரங்கள் தம் சிறு இரகசியங்களை மறைக்கலாம், ஆனால் கொலை பற்றிய உண்மைகளில் பொய் சொல்லக் கூடாது. பொய் சொல்லும் உரிமை கொலையாளிக்கு மட்டுமே. இதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார்கள்.

நம் சங்கக் கூட்டங்களில் வாய் திறக்காத மூத்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் அவர் விரும்ப மாட்டார். மற்றவர்கள் எல்லாம் 'நீங்கள்தானே கொன்றீர்கள்?' என்ற பாணியில் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து நின்று மருத்துவரிடம், "விளக்கு அணைந்தபோது உங்கள் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, ஐயா?" என்று கேட்டார். மண்டபம் அமைதியானது. நடிகர் ஒரு கணம் யோசித்துவிட்டு, பதில் சொல்லாமல் நாற்காலியை மெல்லத் திருப்பிப் போட்டு அதில் அமர்ந்து காட்டினார். அங்கிருந்து எது தெரியும், எது தெரியாது என்று எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். குற்றம் சாட்டும் கேள்விக்கு மறுப்பு ஒன்றே பதிலாக வரும். இடத்தையும் நேரத்தையும் பற்றிய கேள்விக்குத் தகவல் கிடைக்கும். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எல்லா மேசைகளின் கேள்விகளும் மாறிவிட்டதை நான் கண்ணால் கண்டேன்.

கடைசிச் சுற்று பரிமாறும்போது ஒவ்வொரு மேசையும் கொலையாளி, காரணம், வழி மூன்றையும் எழுதிக் கொடுத்தது. பெயரை மட்டும் சரியாகச் சொன்ன மேசைகள் சில. மூன்றையும் சொன்ன மேசை நம்முடையது அல்ல. வென்றவர்கள் கடிதத்தின் கீழ்ப்பாதியை வைத்திருந்தவர்கள். அவர்களில் இருவர் பின்னர் நம் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள். இன்று இங்கே அமர்ந்திருக்கும் அவர்களை வரவேற்கிறேன்.

குறைகளையும் பதிவு செய்ய வேண்டும். பின்புற மேசைகளுக்குப் பேச்சு தெளிவாக எட்டவில்லை. பாத்திரம் கழுவும் ஓசையில் இரண்டு முக்கிய வாக்குமூலங்கள் மூழ்கிப்போயின. காது மந்தமான உறுப்பினர்களுக்கு இது பெரிய இழப்பு. உணவும் நாடகமும் ஒரே அறையில் நடக்கும்போது, வாக்குமூலத்தின் நேரத்தில் பரிமாறுவதை நிறுத்திவைப்பது அவசியம். மேலும், நடிகர் ஒருவர் நம் உறுப்பினரைக் கேட்காமலே கையைப் பிடித்து நடுவே அழைத்துச் சென்றார். அவர் சமாளித்துக்கொண்டாலும் அதை விரும்பவில்லை. பங்கேற்க விரும்புவோர் மட்டும் சட்டையில் ஒரு வண்ணப் பட்டையைக் குத்திக்கொள்ளும் முறையை நாடகக் குழுவுக்கு எழுதிப் பரிந்துரைத்தோம். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

இன்னொன்று. நம் உறுப்பினர் ஒருவரின் வீட்டில் அந்த மாதம்தான் துக்கம் நேர்ந்திருந்தது. மரணத்தை விளையாட்டாக்கும் நிகழ்ச்சிக்கு அவரை அழைப்பதா என்று செயற்குழு தயங்கியது. தலைவர் நேரில் சென்று, நாடகத்தில் எந்தக் கட்டத்தில் என்ன நடக்கும் என்பதை விளக்கி, முடிவை அவரிடமே விட்டார். அவர் வந்தார். விளக்கு அணைவதற்குச் சற்று முன் வெளியே சென்று, விசாரணை தொடங்கியபோது திரும்பி வந்து எங்கள் மேசையின் குறிப்புகளை எல்லாம் தம் கையால் எழுதினார். அழைக்காமல் விட்டிருந்தால் அதுதான் பெரிய காயமாக இருந்திருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னார். இனி எந்த நிகழ்ச்சிக்கும் அதன் உள்ளடக்கத்தை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது என்று செயற்குழு முடிவுசெய்துள்ளது. துப்பாக்கி ஓசை, திடீர் இருள், மினுக்கும் விளக்கு ஆகியவையும் இதில் அடங்கும்.

இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, நாமே ஒரு மர்ம நாடகம் எழுதும் பணி தொடங்கியிருக்கிறது. கொலை நடந்த அரை மணி நேரத்துக்கு நிமிடவாரியாக அட்டவணை போட்டு, ஒவ்வொரு பாத்திரமும் எங்கே நின்றது என்பதை முதலில் முடிவுசெய்தோம். வசனத்தைத் தொடுவது அதன்பின்தான் என்பதில் எழுத்துக் குழு கண்டிப்பாக இருக்கிறது. முதல் வரைவை, கதை தெரியாத உறுப்பினர்களின் முன் சோதித்தோம். அவர்கள் பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தடயங்களைக் குறைக்கலாம் என்று சிலர் கூறினார்கள். குறைக்கக் கூடாது, வேறு பாத்திரங்களுக்கும் வலுவான காரணங்களைத் தர வேண்டும் என்பது குழுவின் முடிவு. நானும் அதை முழுமனதாக ஆதரிக்கிறேன். இரண்டாம் வரைவு வரும் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படும்.

நாடகத்துக்கு உணவு ஒவ்வாமை விவரங்களைப் பொறுமையாகத் திரட்டிய இணைச் செயலாளருக்கும், இரவு வீடு திரும்ப வாகன ஏற்பாடு செய்த உறுப்பினர்களுக்கும், கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிய நாடகக் குழுவினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. மர்ம நாடகத்தில் நடிக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் எழுத்துக் குழுவிடம் பெயர் கொடுக்கலாம். யார் கொலையாளி என்பது நடிப்பவர்களுக்கும் ஒத்திகையின் கடைசி வாரத்தில்தான் சொல்லப்படும்.

இந்த ஆண்டறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்