புரட்டாசிக்கு முன்னால் வந்துவிடுங்கள்

அன்னபொலிஸ், மேரிலாந்து
ஜூலை கடைசி

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். டிக்கெட்டை செப்டம்பர் முதல் திங்கட்கிழமை கழித்துப் போடுங்கள். அன்று இங்கே தொழிலாளர் தின விடுமுறை. அதோடு கோடைக்கூட்டம் கலைந்துவிடும். அப்போதுதான் நண்டும் சதை பிடித்திருக்கும். ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் அப்பா நண்டைத் தொடமாட்டார். ஆக, இடையில் கிடைப்பது பத்து நாள்போலத்தான்.

மாநிலத் தலைநகர் என்றாலும் ஊர் சின்னது. 1695 வாக்கில் ஆளுநர் நிக்கல்சன் வகுத்த அமைப்பு: மேட்டில் இரண்டு வட்டங்கள், ஒன்றில் சட்டமன்றம், மற்றதில் தேவாலயம், அங்கிருந்து ஆரக்கால் போலப் பிரியும் தெருக்கள். மேட்டில் தொடங்கிப் படகுத்துறைக்கு இறங்கினால் மூச்சு வாங்காது. நடைபாதை செங்கல் பாவியது. மரவேர் தூக்கிய இடங்களில் கால் இடறும். செருப்பு சரிப்படாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டமன்றத்தைச் சுற்றிப்பார்க்கக் கட்டணமில்லை. 1772-ல் கட்டத் தொடங்கியது, இன்றும் அவை கூடுகிறது. 1783 டிசம்பர் 23 அன்று வாஷிங்டன் படைத்தலைமையைத் துறந்த அறை உள்ளே இருக்கிறது. அவர் நின்ற கோலத்தில் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அப்போது சில மாதங்கள் நாட்டுக்கே இந்த ஊர்தான் தலைநகர். அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள், மேலே இருப்பது மரக் குவிமாடம்.

கடற்படைக் கல்லூரிக்குள் போக அசல் பாஸ்போர்ட் வேண்டும். நகலைக் காட்டினால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். விதிகளை அடிக்கடி மாற்றுவார்கள், அதனால் கிளம்பும் அன்று காலையில் நான் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். கல்லூரித் தேவாலயத்தின் அடியில், விடுதலைப் போரில் கடலில் சண்டையிட்ட கப்பற்படைத் தளபதி ஜான் பால் ஜோன்ஸின் கல்லறை இருக்கிறது. 1792-ல் பாரிஸில் இறந்தவரை 1905-ல்தான் தேடி எடுத்துக் கொண்டுவந்தார்கள்.

படகுத்துறைக்குப் போகும் நேரத்தைக் கடல் ஏற்றம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மழையே இல்லாமல், பளீரென்று வெயில் அடிக்கும்போதே, மழைநீர் வடிகால் வழியாகக் கடல் தெருவுக்கு ஏறிவிடும். கடல்மட்டம் உயர்கிறது, நிலமும் மெல்லத் தாழ்கிறது. அங்கே தாழ்வான இடத்தில் காரை நிறுத்தினால் டயர் உப்புநீரில் நிற்கும். நாம் மேட்டில் மாடிக் கார் நிறுத்தகத்தில் விட்டுவிட்டு நடப்போம். துறையின் ஒடுங்கிய கால்வாய்க்கு உள்ளூர்ப் பெயர் ‘ஈகோ ஆலி’. படகு வைத்திருப்பவர்கள் ஒரு சுற்று வந்து காட்டிக்கொண்டு திரும்பும் சந்து. வேடிக்கை பார்க்கக் காசில்லை.

இனி நண்டு. செசபீக் விரிகுடாவின் நீல நண்டை இங்கே குழம்பு வைப்பதில்லை. தண்ணீரும் வினிகரும் கொதிக்கும் ஆவியில், மேலே மசாலா அப்பி, அரைமணி நேரம்போல வேகவைப்பார்கள். மேஜையில் பழுப்புக் காகிதம் விரித்துக் கொட்டிவிடுவார்கள், தட்டு கிடையாது. விலை டஜன் கணக்கு, அன்றன்றைக்கு மாறும். உட்காரும் முன் கேட்டுவிட வேண்டும். மூன்று பேருக்கு ஒரு டஜன் போதும். ஆண் நண்டுதான் கேட்க வேண்டும், ‘ஜிம்மி’ என்பார்கள். பெண் நண்டின் கொடுக்கு நுனி மருதாணி வைத்ததுபோலச் சிவந்திருக்கும். வயிறு பளிச்சென்று வெளுத்திருந்தால் அண்மையில் ஓடு கழற்றியது, உள்ளே தண்ணீர்தான். அழுக்கேறிய வயிறுதான் கனக்கும்.

பிரிப்பது இப்படி: அடிவயிற்று மடலைக் கத்திமுனையால் நெம்பி, மேலோட்டைத் தூக்கிக் கழற்றுங்கள். சாம்பல்நிறச் செவுளைப் பிய்த்து எறிந்துவிட்டு, உடலை இரண்டாக உடைத்து, அறை அறையாகச் சதையை நோண்டி எடுக்கலாம். மரச்சுத்தியல் கொடுக்குக்கு மட்டும். உடலில் அடித்தால் ஓட்டுத்தூள் சதையில் கலந்துவிடும். அம்மா, உள்ளே இருக்கும் மஞ்சள் சாற்றை நீங்கள் வழித்துச் சாப்பிடுவீர்கள் என்று தெரியும். வேண்டாம். விரிகுடாவின் ரசாயனக் கழிவு அதில்தான் சேரும் என்று மாநில அரசே எச்சரிக்கிறது. மசாலா விரலோடு கண்ணைத் தொட்டால் அன்றைய ஊர்சுற்றல் அதோடு சரி.

ஒரு நாள் பாலம் தாண்டி செயின்ட் மைக்கேல்ஸ் போகலாம். விரிகுடாப் பாலம் 4.3 மைல், கிழக்கே போகும் பாலம் 1952-ல் திறந்தது, ஓரம் கட்ட இடமில்லாத இரண்டு தடம். அம்மாவுக்குத் தலைசுற்றும், பின்சீட்டில் கண்ணை மூடிக்கொள்ளட்டும். சுங்கம் போகும்போது மட்டும், வரும்போது கிடையாது. வெள்ளி மாலை கிழக்கேயும் ஞாயிறு மாலை மேற்கேயும் வண்டி நகராது, ஆகவே செவ்வாயோ புதனோ வைத்துக்கொள்வோம். செயின்ட் மைக்கேல்ஸில் கடல்சார் அருங்காட்சியகத்துக்குள் 1879-ன் கலங்கரை விளக்கமே நிற்கிறது, ஏறலாம். பிறகு பெல்வியூ போய், காரோடு தோணியில் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கடந்து, ஈஸ்டன் வழியாகத் திரும்பலாம். 1683-ல் தொடங்கிய துறை அது. பத்து நிமிடப் பயணம்.

கடலில் இறங்கும் ஆசை இருந்தால் துணி எடுத்துவாருங்கள். கோடையில் கொட்டும் சொறிமீன் செப்டம்பரிலும் மிச்சம் இருக்கலாம், தண்ணீரைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். டிக்கெட் தேதி தெரிந்ததும் எழுதுங்கள், அந்த வாரத்துக் கடல் ஏற்ற அட்டவணையை எடுத்துவைக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்