புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறேன். போன வாரம் ஒரு அம்மா வந்து, "தம்பி, வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு, திறக்க மாட்டேங்குது, ஒரு பிரிண்ட் போட்டுக் குடுப்பா" என்று போனை நீட்டினார். ஃபைலின் பெயரைப் பார்த்தேன். திருமண அழைப்பிதழ், ஒரு புள்ளி, அப்புறம் ஏபிகே. அனுப்பியது நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அவர் நாத்தனாரின் நம்பர். கூப்பிட்டுக் கேட்டால் நாத்தனாருக்கு எதுவுமே தெரியவில்லை.

பத்திரிகை என்றால் ஜேபிஜி படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவுகிற ஃபைல். தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்பை அனுமதிக்கவா என்று போன் கேட்டதும் பயந்துபோய் அந்த அம்மா நிறுத்திவிட்டார், பிழைத்தார். அனுமதித்திருந்தால் வங்கியிலிருந்து வரும் ஓடிபியை அந்த ஆப் படித்து எவனுக்கோ அனுப்பிவிடும்.

புள்ளிக்குப் பின்னால் வரும் இந்த மூன்று நான்கு எழுத்துகளுக்குத்தான் எக்ஸ்டென்ஷன் என்று பெயர். இது என்ன வகை ஃபைல், எதைக் கொண்டு திறப்பது என்று அதை வைத்துத்தான் தெரியும். மளிகை டப்பாவில் ஒட்டுகிற சீட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருப்பது உப்புதான். இது புரியாமல், ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி போட்டோவின் பெயரை மட்டும் ஜேபிஜி என்று மாற்றிக்கொண்டு, கடைசி நாளில் தேர்வு விண்ணப்பத்தோடு பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், அப்லோடு ஆகாமல் கண் கலங்கி நிற்கிறார்கள். போட்டோவைத் திறந்து ஜேபிஜியாகவே மாற்றிச் சேமிக்க வேண்டும் என்று பள்ளியிலேயே ஒருநாள் சொல்லிக் கொடுத்திருக்கலாம் இல்லையா?

விண்டோஸோ இந்த எழுத்துகளை நம் கண்ணிலேயே காட்டாமல் மறைத்து வைக்கிறது. 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய ஐ லவ் யூ வைரஸ் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. ஃபைலின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதாகத் தெரிந்ததால் சாதாரணக் கடிதம் என்று நினைத்துத் திறந்தார்கள், அதற்குப் பின்னால் இருந்த விபிஎஸ், அதாவது திறந்ததும் தானாக ஓடும் புரோகிராம் என்று காட்டும் எழுத்து, கண்ணில் படவே இல்லை. விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இன்றே டிக் செய்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த மோசடிச் செய்திகளைப் போடும்போது போலி லிங்க், போலி மெசேஜ் என்று பொதுவாக எழுதாமல், வந்த ஃபைலின் பெயரைப் புள்ளியோடும் அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்தோடும் சேர்த்து முழுசாக அச்சிடுங்கள். ஏற்கெனவே நிறுவிவிட்டவர்கள் உடனே நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கும் வங்கிக்கும் கூப்பிட வேண்டும் என்பதையும் அதன் கீழே பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்