அஞ்செட்டிக்குப் போன மகனுக்கு

பழையபேட்டை, கிருஷ்ணகிரி
திங்கள் இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று இரண்டு முறை போன் செய்தேன், மலையில் டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எழுதுவதும் நல்லதுதான். போனில் என்றால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது.

பாராட்டுக் கூட்டத்தில் நம் சபைப் போதகர் ஐயர் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் அல்லவா? மைக்கைப் பிடித்து "சபையாருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. மகன் பட்டம் வாங்கிய சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பாதி உண்மை. மீதியை உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

நீ ஊழியத்துக்குப் படிக்க, குருகுல் இறையியல் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொன்ன நாளில் நான் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது. ஓசூரில் கம்பெனி வேலை தயாராக இருக்கும்போது, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நான்கு ஆண்டு உட்கார்ந்து எபிரேயமும் கிரேக்கமும் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. உன் இரண்டாம் ஆண்டில் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். தையல் மெஷினில் உட்காராத மாதங்கள் அவை. விடுதிக்குக் கட்டக் கையில் பணம் இல்லை. பையனைத் திருப்பி அழைத்துக்கொள்கிறேன் என்று ஐயரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது என் மனதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

அடுத்த ஞாயிறு பெண்கள் சங்கத்தார் வீட்டுக்கு வந்து ஒரு மஞ்சள் பையை அம்மா கையில் கொடுத்தார்கள். கைப்பிடி அரிசியை ஏலம் விட்டுச் சேர்த்த பணம். எல்லாம் பத்து ரூபாய்த் தாளும் சில்லறையும். எண்ணி முடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் ஆனது.

நம் அடுப்படியில் இருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உனக்குத் தெரியும். உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து அம்மா ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள். அப்படித்தான் எல்லா வீட்டிலும். ரேஷன் அரிசியும் பொன்னியும் ஒரே சாக்கில் கலந்து கிடக்கும். நம் சபைப் பெண்களில் பாதிப் பேர் மாங்கூழ் ஆலைக்குக் கூலிக்குப் போகிறவர்கள். சீசன் முடிந்தால் வேலை இல்லை. மாம்பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருக்கும். அந்தக் கைகள் எடுத்து வைத்த பிடியில் நீ படித்தாய். பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், படிப்பில் கவனம் சிதறும் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். இப்போது படிப்பு முடிந்துவிட்டது, சொல்லிவிட்டேன். அன்று கத்தியதற்கு என்னை மன்னித்துக்கொள்.

பாராட்டுக் கூட்டத்தில் ஐயர் பேசியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 1818இல் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் தொடங்கிய, உனக்குப் பட்டம் கொடுத்த செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் கொடுக்கும் உரிமையை 1827இல் வழங்கியவர் டென்மார்க் அரசர் என்றார். மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியும் அதே டென்மார்க்கின் கையில் இருந்ததாம். எனக்கு அது புதிது. பிறகு மிஷனரி நேத்தர் ஐயரைப் பற்றிச் சொன்னார். 1895இல் நம் கிருஷ்ணகிரிக்கு வந்து ஊழியம் தொடங்கியவர், 1904இல் இதே ஊரில் பிளேக் நோயில் இறந்தவர். அதைக் கேட்டதும் என் கண் உன்னிடம்தான் போனது. ஜெர்மனியில் அவருக்கும் ஓர் அப்பா இருந்திருப்பார், அவரும் போகாதே என்று சத்தம் போட்டிருப்பாரோ என்று தோன்றியது.

நம் டீச்சரம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தியபோது உனக்கு விழுந்ததைவிடக் கைதட்டல் அதிகம். அது சரிதான். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் இருந்தபடியே படித்து, 61 வயதில் செராம்பூரின் பி.சி.எஸ். என்ற கிறிஸ்தவக் கல்விப் பட்டத்தை முடிப்பது சின்னக் காரியமா? உனக்கு ஞாயிறு பள்ளியில் முதல் வசனம் சொல்லிக்கொடுத்த வாய் அது. மேடையில் நீ அவர் காலைத் தொட்டாயே, அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும்.

அஞ்செட்டிப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறைய. யாராவது தன் மொழியில் கஷ்டம் சொன்னால், புரியாவிட்டாலும் முழுக்க நின்று கேள். யானை நடமாடும் வழி, இருட்டிய பிறகு பைக் எடுக்காதே. இதில் ஊழிய வைராக்கியம் எல்லாம் வேண்டாம்.

இரண்டாவது அங்கியைத் தைத்து முடித்துவிட்டேன். முதல் அங்கியை அவசரத்தில் தைத்தேன். கழுத்துப் பட்டி உன்னை இறுக்கியது, பாட்டுப் பாடும்போதெல்லாம் விரலை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தாய். இதில் அரை அங்குலம் தளர்த்தியிருக்கிறேன். காஜா எல்லாம் கையாலேயே எடுத்தேன், கண் நன்றாகவே தெரிகிறது. பக்கவாட்டில் உள்ளே துணி விட்டிருக்கிறேன், உடம்பு வைத்தால் பிரித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர் கொண்டு வருவார். அதே பையில் அம்மா மாங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறாள். முதலில் அதை வெளியே எடுத்துவிட்டுப் பிறகு அங்கியை எடு, எண்ணெய் பட்டால் வெள்ளைத் துணியில் போகாது.

அன்புடன்,
அப்பா