ஓர் இழையில் எவ்வளவு ஏற்றலாம்? மகளுக்கு ஒரு கடிதம்

ஏற்காடு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. ஒரு குறியீட்டுக்குள், அதாவது இழையில் ஒரு தடவை அனுப்பும் ஒளிச் சைகைக்குள், இன்னும் அதிகமான பிட்டுகளை அடைக்கும் ஆய்வா, ஒரே கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடும் நடுத்தண்டான உள்ளகத்தை ஒன்றுக்குப் பலவாக வைத்து ஒளிக்குத் தனித்தனிப் பாதை அமைக்கும் ஆய்வா, இரண்டில் எதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். உன் வழிகாட்டி சொல்ல வேண்டியதுதான் என்றாலும், அடிவாரம் முதல் நாகலூர் வரை ஃபைபர் இழுத்து, வெட்டி, ஒட்டியே காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கும் இதில் ஓர் எண்ணம் உண்டு. நீ இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

நான் தொழில் பழகிய காலத்தில் லேசர் எரிந்தால் ஒன்று, அணைந்தால் சுழி, அவ்வளவே. 1988இல் அட்லாண்டிக்கின் அடியில் போடப்பட்ட முதல் ஒளியிழை வடமான டாட்-8, ஓர் இணை இழையில் நொடிக்கு 280 மெகாபிட் கொண்டுபோனதும் இந்த முறையில்தான். பிறகு, எர்பியம் என்ற உலோகம் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்கும் பெருக்கி வந்தது. 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையுள்ள ஒளி முழுவதையும் அது ஒரே சமயத்தில் பெருக்கித் தந்ததால், எண்பதுக்கும் மேற்பட்ட அலைநீளங்களை ஒரே இழையில் ஓட்ட முடிந்தது. ஒளியின் கட்டத்தையும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) தளவிளைவையும் (அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது) எழுதப் பயன்படுத்தியது அதற்கும் அடுத்த படி. கட்டத்தை நான்கு நிலைகளில் வைத்தால் ஒரு குறியீட்டுக்கு 2 பிட். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளவிளைவுகளிலும் தனித்தனியே எழுதினால் 4 பிட். நொடிக்கு 2,800 கோடி குறியீடுகள் என்றால் 112 கிகாபிட். அதில் பிழைதிருத்தத்துக்கும் பிற மேற்செலவுக்கும் போக மீதம் 100 கிகாபிட் வாடிக்கையாளருக்கு.

இதில் நான் இன்றைக்கும் வியப்பது மறுமுனையில் ஒளியை வாங்கிப் படிக்கும் ஏற்பியைப் பார்த்துத்தான். வரும் ஒளியைத் தன்னிடமுள்ள லேசரின் ஒளியோடு கலந்து அது கட்டத்தை அளக்கிறது. அத்துடன், வழியில் இழைக்கு நேர்ந்த எல்லாவற்றையும் கணக்கிட்டு நீக்குகிறது. மலையில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் வடம் காற்றில் ஆடும்போதெல்லாம் தளவிளைவு திரும்பிக்கொண்டே இருக்கும். உயர் மின்கோபுரத்தின் உச்சிக் கம்பிக்குள் செல்லும் இழையில் இன்னும் மோசம்: கோடை மழையில் இடி விழுந்தால், அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலமே தளவிளைவைச் சட்டென்று சுழற்றிவிடும். ஃபாரடே 1845இல் கண்ணாடியில் கண்ட விளைவு அது. இத்தனையையும் ஒரு சில்லு விடாமல் தொடர்ந்து சரிசெய்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் இதற்கு மேல் நிலைகளைக் கூட்டுவதில் ஆதாயம் குறைந்துகொண்டே போகிறது. ஒரு தளவிளைவில் 16 நிலைகள் 4 பிட் தரும், 64 நிலைகள் 6 பிட் தரும். கூடியது ஒன்றரை மடங்கு மட்டுமே. அந்த ஒன்றரை மடங்குக்காக, பக்கத்துப் பக்கத்து நிலைகளுக்கு இடையே பழைய இடைவெளியைக் காக்க வேண்டுமென்றால், ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளித்திறன் செலவிட வேண்டும். ஒரு பாதையில் எவ்வளவு செய்தி அனுப்பலாம் என்பதற்கு ஷானன் 1948இல் எழுதிக் கொடுத்த மடக்கைக் கணக்கு இதைத்தான் சொல்கிறது. திறனைக் கூட்டிக்கொண்டே போகவும் கண்ணாடி விடாது; ஒளி மிகுந்தால் அதன் ஒளிவிலகல் எண்ணே மாறி, ஓர் அலைநீளத்தின் ஏற்றத்தாழ்வு மற்றொன்றின் கட்டத்தைக் கலைத்துவிடும். போதாக்குறைக்கு, நம் திருச்சியில் பிறந்த ராமன் 1928இல் கண்ட சிதறல், குறைந்த அலைநீளத்திலிருந்து திறனை எடுத்துக் கூடிய அலைநீளத்துக்குக் கொடுத்துவிடும். அதே நான்கு மடங்கு திறனை நான்கு பாதைகளுக்குப் பங்கிட்டால், செய்தியும் நான்கு மடங்காகிறது. ஒரே பாத்தியில் நெருக்கி நடுவதைவிட வேறு பாத்தி வெட்டுவது மேல் என்று உன் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. கடலடி வடக்காரர்களும் இதைக் கண்டுகொண்டுவிட்டார்கள்: 2021இல் அட்லாண்டிக்கில் இயங்கத் தொடங்கிய டூனான்ட் வடம் 12 இணை இழைகளோடு நொடிக்கு 250 டெராபிட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது.

இனி, ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் எளிதில் மறந்துவிடக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமழையில் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து வடம் அறுந்தால், ஒட்டுகிறவன் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துதான் ஒட்டுகிறான். வடத்துக்குள் இருக்கும் ஜெல்லைத் துடைத்து, 250 மைக்ரான் மேற்பூச்சை உரித்து, ஆல்கஹாலால் சுத்தம் செய்து, இழை வெட்டும் கிளீவரில் வெட்டி, முனைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினில் வைக்கிறான். மூடுபனி இறங்கிவிட்டால் வெட்டிய முகத்தில் ஈரம் படிந்து மறுபடியும் உரிக்க வேண்டியிருக்கும். 9 மைக்ரான் உள்ளகம் 1 மைக்ரான் விலகினாலே ஏறத்தாழ 0.15 டெசிபல் இழப்பு. இப்போதைய இழையில் உள்ளகம் நடுவில் இருப்பதால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் பொருத்தினால் போதும். நான்கு உள்ளகம் என்றால் இழையைத் திருப்பியும் பொருத்த வேண்டும். மையத்திலிருந்து சுமார் 30 மைக்ரான் தள்ளியிருக்கும் உள்ளகம், இழை 1 பாகை திரும்பியிருந்தால் அரை மைக்ரான் விலகிவிடும். ஓர் ஒட்டில் அது பெரிதில்லை. ஆனால் எங்கள் மலைப்பாதையில் ஒவ்வொரு மழைக்காலமும் புதிய ஒட்டுகளைச் சேர்த்துவிட்டுத்தான் போகும்.

ஆகவே நீ பாதைகளைப் பெருக்கும் ஆய்வை எடுத்துக்கொள். எடுத்த பிறகு, எத்தனை உள்ளகம் வைத்தார்கள் என்ற சாதனைக் கணக்கின் பின்னால் போகாமல், 125 மைக்ரான் உறைக்குள்ளேயே அடங்கி, திசை காட்டும் அடையாளத்துடன், நனைந்த கையால் ஒட்டினாலும் தாங்கும் இழையைப் பற்றி யோசி. உள்ளகங்களுக்கு இடையே ஒளி கசிவது கம்பத்தில் சுருட்டி வைத்த வளையத்தில் கூடுமா, குறையுமா என்று அளந்து பார். அந்த அளவு எனக்கும் வேண்டும்; கிடைத்ததும் அனுப்பு. உங்கள் ஆய்வுக்கூடத்தில் திருப்பிப் பொருத்தும் மெஷின் இருந்தால், ஓர் ஒட்டுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும், ஒளித்துடிப்பை அனுப்பி இழையில் இழப்பு எங்கே என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் நான்கு உள்ளகங்களையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டுமா என்பதையும் கேட்டு எழுது. அம்மா நலம்.

அன்புடன்,
அப்பா