அந்தக் குமிழ் முழுதாக உள்ளே இருக்கிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் செஸ்னா 172 சிறு விமானம் வைத்திருக்கும் ஒருவர் ஆல்டிமீட்டரை (உயரம் காட்டும் கருவியை) மாற்றித் தரச் சொல்லி வந்தார். தரையில் சரியாக இருக்கிறதாம், பறக்கும்போது மட்டும் உயரம் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறதாம். கருவியைக் கழற்றிச் சோதித்தோம். ஒரு குறையும் இல்லை. அப்புறம் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயில், ஆல்டிமீட்டர் 1,000 அடி கூடுதலாகக் காட்டும்வரை காற்றை உறிஞ்சி நிறுத்தினோம். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. முள்ளோ ஓட்டை வாளித் தண்ணீர் மாதிரி இறங்கியது.

தேடிப் பார்த்தால், ஆல்டர்னேட் ஸ்டாட்டிக் (மாற்றுக் காற்றுவழி) குமிழ் அரை விரற்கடை வெளியே நின்றது. யார் முழங்கால் பட்டதோ! அழுத்தியதும் கசிவு நின்றது. சோதனைக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டோம். புது ஆல்டிமீட்டர் விற்கிற வாய்ப்பு போனது.

அந்தக் குமிழ் எதற்கு? விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டாட்டிக் துளையைப் பனியோ, தண்ணீரோ, குளவி மண்ணோ அடைத்துவிட்டால் ஆல்டிமீட்டர் அப்படியே உறைந்துவிடும், விஎஸ்ஐ (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) பூஜ்யத்தில் நிற்கும். வேகமானி இன்னும் மோசம்: அடைபட்ட உயரத்துக்கு மேலே ஏறினால் குறைத்துக் காட்டும், கீழே இறங்கினால் கூட்டிக் காட்டும். 1996 அக்டோபரில் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு போயிங் 757 கடலில் விழுந்து 70 பேர் இறந்ததற்குக் காரணம், கழுவும்போது துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்ததுதான்.

குமிழை இழுத்தால் கருவிகள் வெளிக்காற்றுக்குப் பதில் கேபின் காற்றை எடுத்துக்கொள்ளும். அழுத்தம் ஏற்றாத சிறு விமானத்தில், வெளியே காற்று விரைந்து ஓடுவதால் கேபின் அழுத்தம் பெரும்பாலும் சற்றுக் குறைவாக இருக்கும். அதனால் உயரமும் வேகமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இழுத்த கணத்தில் விஎஸ்ஐ ஏறுவதுபோல ஒரு துள்ளு துள்ளும். உண்மையில் நீங்கள் காட்டுவதைவிடத் தாழ்வாக இருப்பீர்கள், மேகத்துக்குள் இறங்கும்போது இதை மறக்காதீர்கள். ஜன்னல், ஹீட்டர் நிலையைப் பொறுத்து அளவு மாறும். திருத்த அட்டவணை உங்கள் விமானக் கையேட்டிலேயே உண்டு.

குமிழே இல்லாத பழைய விமானமா? கேபின் காற்று உள்ளே போக விஎஸ்ஐ கண்ணாடியை உடைப்பது பழைய வழி. வேலை செய்யும், ஆனால் கருவி போய்விடும். குமிழோடு கூடிய வால்வு பொருத்திக்கொள்வது மேல்.

இனி எங்களிடம் வரும் ஒவ்வொரு ஸ்டாட்டிக் சோதனையிலும் குமிழை இழுத்து மூடிப் பார்த்தே கையெழுத்திடுவோம். தனிக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கருவிப் பட்டறையிலிருந்து