நகரா விசைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தட்டச்சராக வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. முதல் சம்பளம் வாங்கியதும் கோவில்பட்டிக்கு வந்து ஒவ்வொருவராகப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வந்தேன். ஆனால் டீக்கடை வாசலில் நின்றபோதே தொண்டை அடைத்துக்கொண்டது. கொண்டுபோன இனிப்பைக் கையில் கொடுத்துவிட்டு, சொல்ல வந்தது எதையும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். வாயால் சொல்ல முடியாததை விரலால் சொல்லலாம் இல்லையா? அதனால் இதை நானே அடித்து, பிரதி எடுத்து, ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து தருகிறேன். யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது யார் யாரென்று உங்களுக்கே தெரியும்.

வேலைக்கு விண்ணப்பித்தபோது ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டுத் தருவது. ‘ஆதரவற்ற விதவை’ என்று அதற்குப் பெயர். அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத இடம் உண்டு. அதற்குள் 10 சதவீதம் என்னைப் போன்றவர்களுக்கு. அந்த ஒதுக்கீட்டுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அந்த முதல் சொல் இருக்கிறதே, அதை அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் நின்று மூன்று முறை படித்தேன். வருமானக் கணக்கில் அது சரிதான். எனக்கு யாருமே இல்லை என்று யாராவது அதைப் படித்துப் புரிந்துகொண்டால் அது சரியில்லை. எத்தனை பேர் என்னைத் தாங்கினீர்கள் என்பது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

2019 தொடக்கத்தில் அவர் விபத்தில் போனபோது மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. நான் பிளஸ் டூ முடித்தவள். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பெட்டியில் குச்சி அடைக்கிற வேலை. எத்தனை அடைக்கிறோமோ அத்தனைக்குத்தான் கூலி. முதல் வாரம் என் கை ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி ஒன்றும் சொல்லாமல் தன் தட்டில் இருந்து அடைத்த பெட்டிகளை எடுத்து என் தட்டில் வைத்தார். கணக்குப் பார்க்கிறவர் வருவதற்கு முன்னால் தினமும் அப்படிச் செய்தார். நான் கேட்டதற்கு, “எனக்கும் ஒருத்தி வச்சா” என்றார். அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி அவருக்கு வைத்த பெட்டிகள் என் தட்டுக்கு வந்து சேர்ந்தன.

டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சேரச் சொன்னவரும் அந்தச் சித்திதான். என் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள், “இந்தக் கைக்குக் குச்சி எதுக்கு, டைப் அடிக்கலாம்ல” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் கூலி வாங்கின கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய் மாடிப்படி ஏற வைத்தார்.

சார், உங்களிடம் வந்த அன்றைக்கு எனக்கு 33 வயது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தார்கள். நீங்கள் வயதைக் கேட்கவில்லை, “எத்தனை மணிக்கு வர முடியும்” என்று மட்டும் கேட்டீர்கள். ஆபீஸ் எட்டு மணிக்கு என்றேன். “அப்ப ஆறு மணிக்குத் திறக்குறேன்” என்றீர்கள். ஏழு மணிக்குத் திறக்கிற இடத்தை எனக்காக ஒரு மணி நேரம் முன்னால் திறந்தீர்கள். அதுவும் ஒருநாள் இரண்டு நாள் இல்லை. இரண்டு வருடம்.

முதல் பாடம் யளனகப. இடது கைச் சுண்டுவிரலில் ய, அடுத்தது ள, அப்புறம் ன, க, ப. ரெமிங்டன் மெஷினில் சுண்டுவிரலால் ய அடிக்க என்ன பலம் வேண்டும் என்பது அடித்தவர்களுக்குத்தான் தெரியும். பத்து நாள் விரல் வீங்கியிருந்தது. புள்ளி வந்தபோது இன்னும் தடுமாறினேன். புள்ளியை அடித்தால், தாளைத் தாங்கி நகர்கிற கேரியேஜ் நகரவில்லை. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து உங்களைக் கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் முத்தையாவைப் பற்றிச் சொன்னீர்கள். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர். 247 எழுத்தை ஒரு மேசை மெஷினுக்குள் எப்படி அடக்குவது என்று யோசித்து, தமிழுக்கு ஒரு தட்டச்சு மெஷின் செய்து தந்தவர். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக ஒவ்வொரு எழுத்தோடும் இருந்தால் விசை போதாது. அதனால் புள்ளிக்கென்று ஒரு விசை. அதை அடித்தால் தாளில் புள்ளி விழும், தாள் நகராது. அதன் கீழே அடுத்த எழுத்து வந்து விழுந்த பிறகுதான் நகரும். “இதுக்கு நகரா விசைன்னு பேரு. கெட்டுப் போகல, அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு” என்றீர்கள்.

அந்தப் பேச்சை நான் மறக்கவே இல்லை. உங்களை எல்லாம் நினைக்கிறபோது அதுதான் வருகிறது. நீங்கள் எல்லாரும் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். நகர்ந்தது நான்.

முதல் தடவை தமிழ் ஜூனியர் தட்டச்சுத் தேர்வில் நான் தேறவில்லை. பத்து நிமிடம், நிமிடத்துக்கு 30 சொல். அடிப்புக் கணக்கில் 1500. இன்ஸ்டிடியூட்டில் தாராளமாக முடித்ததை அங்கே முடிக்க முடியவில்லை. தேர்வு கூடம் எப்படி இருக்கும் என்று எழுதாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. மெஷின்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாமேதான் கொண்டுபோவோம். ஒரே அறையில் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் தடதடக்கும். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி. வரி முடியப்போகிறது என்று என் மெஷின் அடித்த மணி எனக்குக் கேட்கவில்லை. வரிக் கடைசியில் எழுத்து மேல் எழுத்தாக விழுந்தது.

முடிவு வந்த அன்று உங்கள் முன்னால் நின்றேன். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். “மணி கேட்டுச்சா?” என்று கேட்டீர்கள். இல்லை சார் என்றேன். “அப்ப கை தப்பு செய்யல. காதுதான் பயந்துருக்கு” என்றீர்கள். மறுநாளில் இருந்து நான் அடிக்க ஆரம்பித்ததும் சுற்றி இருக்கிற எல்லா மெஷினிலும் பிள்ளைகளை உட்கார வைத்து வேண்டுமென்றே அடிக்கச் சொன்னீர்கள். பத்து மெஷின் சத்தத்துக்கு நடுவே என் மணியை மட்டும் தனியாகக் கேட்கப் பழகினேன். வாழ்க்கையில் எனக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. தோற்ற இடம் எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் சரிசெய்ய வேண்டும் என்று. அதுவரை எதில் தோற்றாலும் மொத்தமாக என்னைத்தான் குறை சொல்லிக்கொள்வேன்.

அடுத்த தேர்வுக்குப் போகும்போது, லோடு ஆட்டோவில் குலுங்காமல் இருக்க, என் மெஷினை நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள் சார். நான் பின்னால் பஸ்ஸில் வந்ததால் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். பிள்ளைகள் சொன்னார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி. முதலில் ஆன்ட்டி என்றார்கள், ஒரு மாதத்தில் அக்கா என்றார்கள். இங்கிலீஷ் ஜூனியருக்கு எனக்கு எழுத்துக்கூட்டல் வராமல் திணறியபோது, பதினோராம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் தினமும் பத்து சொல் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். தன்னைவிட இரு மடங்கு வயதான ஒருத்திக்குத் தப்புச் சொல்கிறோமே என்ற தயக்கம் அவளுக்கு இல்லை, கேலியும் இல்லை. சின்னவர்களிடம் கற்றுக்கொள்வது எவ்வளவு லேசான காரியம் என்று அவளால்தான் தெரிந்தது.

தமிழ் சீனியரும் இங்கிலீஷ் ஜூனியரும் கையில் வந்த பிறகுதான் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு பற்றி யோசித்தேன். தட்டச்சர் வேலைக்கு ஒன்றில் சீனியர், இன்னொன்றில் ஜூனியராவது வேண்டும். ஆனால் எழுத்துத் தேர்வு வேறு இருக்கிறதே. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். நூலகத்தின் வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் மருந்து வாசனையோடு உள்ளே போகலாமா என்று ஒரு தயக்கம். மூன்றாம் தடவை நூலகர் அம்மா வெளியே வந்து, “வீட்டு வரியோட நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலகத்துக்குப் போகுது தெரியுமா? நீ குடுக்குற வாடகையில அதுவும் இருக்கு. உன் இடத்துக்கு நீ வர்றதுக்கு என்ன?” என்றார். உள்ளே போய் உட்கார்ந்தேன். பழைய வினாத்தாள்களை எனக்கென்று எடுத்து வைத்திருப்பார். எல்லாம் சரி, அம்மா, அந்த வாசல் பேச்சுக்குத்தான் நான் முதலில் கும்பிட வேண்டும்.

அண்ணாச்சி, உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் உங்கள் கடையில் ஒருநாள் கூட டீ குடித்ததில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு அந்த முடுக்கைத் தாண்டிப் போவேன், விளக்கு கிடையாது. நீங்கள் கடைக்கு வெளியே நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருப்பீர்கள். மழை நாளிலும் வெளியேதான் நின்று கழுவுவீர்கள். உள்ளேயே குழாய் இருக்கிறது என்பதை வேலை கிடைத்த பிறகு, இனிப்புக் கொடுக்க வந்த அன்றுதான் பார்த்தேன். நான் முடுக்கைத் தாண்டுகிறவரைக்கும் நின்றிருக்கிறீர்கள். இரண்டு வருடமும் நாம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மகளே, உன்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உன் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் பகலில் உனக்கு, ராத்திரி எனக்கு. குறளில் ஒரு சீர் விட்டாலும் “அம்மா, திரும்பச் சொல்லு” என்பாய். நான் உன்னைக் கேட்ட காலம் போய் நீ என்னைக் கேட்டாய். 2024 ஜூன் 9, தேர்வு நாள். 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்த தேர்வு. வாசலில் நின்று, “தெரியாததுல நின்னுறாத, தாண்டிப் போ” என்று சொல்லி அனுப்பினாய். அப்படியே செய்தேன்.

சென்னையில் கலந்தாய்வுக்குப் போக நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் என்னோடு வந்தவரும் சித்திதான். இரண்டு நாள் கூலி போனது அவருக்கு. நான் உள்ளே திரையைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கும்வரை வெளியே புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆணையைக் காட்டியபோது, “இனிமே நிஜ ஆபீசு” என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக என் அத்தை. மகனைப் பறிகொடுத்தவர். இனிமேல் இவளுக்கு எதற்குப் படிப்பு என்று சொந்தத்தில் பேச்சு வந்தபோது, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, “அவ படிக்கிற நேரம், மெதுவா பேசுங்க” என்று சொன்னவர். எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் மெஷின் இல்லாததால் ஒரு அட்டையில் கட்டம் போட்டு விசைகளை எழுதி, அதில் விரல் வைத்துப் பழகுவேன். கீழே பார்க்காமல் அடிப்பதுதான் முக்கியம் என்று ஒருநாள் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து எதிரே உட்கார்ந்து என் கண்ணையே பார்ப்பார். கொஞ்சம் தாழ்ந்தாலும் இரண்டு விரலால் தாடையைப் பிடித்து நிமிர்த்துவார். “கீழ பாக்காத தாயி.” கடிகாரத்தில் பெரிய முள் இரண்டு எண் தாண்டினால் பத்து நிமிடம் என்று பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முள் வந்ததும் “போதும்” என்பார். அந்தக் கை என் தாடையில் பட்ட இடம் இப்போதும் தெரிகிறது.

இங்கே ஆபீசில் கம்ப்யூட்டர்தான். ஆனால் பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் அதே இடத்தில் யளனகப இருக்கிறது. இந்த மடலை அதில்தான் அடித்தேன். நேற்று ராத்திரி, கொண்டுவந்து கொடுப்பதற்கு முன்னால், அத்தைக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி வந்த இடத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

“கீழ பாக்காமத்தான அடிச்ச?”

ஆமாம் அத்தை.