சத்திரம்–புல்மேடு வழியாகச் சபரிமலை நடைப்பயணம் தொடங்குவோருக்கான ஏற்பாடுகள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
கம்பம் பள்ளத்தாக்குப் பகுதி குருசாமிகள், வழிநடைத் தொண்டர்கள்,
கம்பம், தேனி மாவட்டம், தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், பைனாவு,
இடுக்கி மாவட்டம், கேரளம்.

பொருள்: மண்டல, மகரவிளக்கு காலத்தில் வண்டிப்பெரியார் சத்திரத்திலிருந்து நடை தொடங்கும் பக்தர்களுக்கு, வழி திறப்பு பற்றிய முன்னறிவிப்பு, ஒருவழிப் போக்குவரத்தில் விலக்கு, பாதையில் இடம் காட்டும் எண்கல், பம்பையிலிருந்து திரும்பும் பேருந்து ஆகியவை கேட்டு.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எருமேலியில் பேட்டை துள்ளி, அழுதை, கரிமலை தாண்டிப் பம்பைக்கு வருவது பெரிய பாதை. பம்பையில் குளித்து நீலிமலை ஏறுவது சிறிய பாதை. இவை இரண்டையும் விட்டு, வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள சத்திரத்திலிருந்து சீதாக்குளம், சீரோ பாயிண்ட், உப்புப்பாறை, புல்மேடு, கழுதைக்குழி வழியாகப் பாண்டித்தாவளத்தில் இறங்கிச் சன்னிதானம் சேர்வது மூன்றாவது தொடக்கம். தூரம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். பெரிய பாதைக்கு உடம்பும் விடுமுறையும் இடம் தராதவர்கள், ஆனாலும் காட்டு வழியே நடந்துதான் ஐயனைக் காண வேண்டும் என்ற பிடிப்பு உள்ளவர்கள், இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து குமுளி வழியாக வருவோருக்கு இது வாசலிலேயே இருக்கும் பாதை.

இந்தப் பாதையில் காவலும் தண்ணீரும் இல்லை என்று முறையிட இந்த மனுவை நாங்கள் எழுதவில்லை. காலையில் வனக்காவலர்கள் முன்னே நடந்து, யானை நிற்கிறதா என்று பார்த்த பிறகே முதல் குழுவை விடுகிறார்கள். கடைசிக் குழுவின் பின்னாலும் ஆள் வருகிறது. பெரியார் புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் பாதையில் இது சிறிய வேலை அல்ல. அதற்கு எங்கள் நன்றி. எங்கள் கோரிக்கை வேறு இடத்தில் தொடங்குகிறது. சத்திரத்தில் நடை தொடங்கலாமா, வேண்டாமா என்பதைப் பக்தர் முடிவு செய்வது சத்திரத்தில் அல்ல, கம்பத்தில். அங்கே அவருக்கு வேண்டிய தகவல் கிடைப்பதில்லை.

முதலில் ஒருவழிப் போக்குவரத்து. கூட்டம் கூடும் நாட்களில் சபரிமலை செல்லும் வண்டிகள் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கட்டப்பனை, குட்டிக்கானம் வழியாகத் திருப்பி விடப்படுகின்றன; திரும்பி வரும் வண்டிகளுக்குக் குமுளி வழி. எருமேலி, நிலக்கல் போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு சரியானது. குமுளி மலைச்சாலையில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் சத்திரம் போகிறவருக்கு இது பாதையையே தலைகீழாக்கிவிடுகிறது. குமுளி வழியாகப் போனால் கம்பத்திலிருந்து சத்திரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கம்பம்மெட்டு வழியாகப் போனால் குட்டிக்கானம் வரை போய், அங்கிருந்து பீருமேடு, பாம்பனார் வழியாக மறுபடி வண்டிப்பெரியாருக்குப் பின்னோக்கி வர வேண்டும். தூரம் இரண்டு மடங்குக்கு மேல். நெரிசலில் நேரம் அதற்கும் மேல்.

இங்கேதான் சிக்கல். சத்திரத்தில் பொதுவாகக் காலை 7 மணிக்கு விடத் தொடங்கி நண்பகல் ஒரு மணியோடு நிறுத்திவிடுகிறார்கள். கம்பத்தில் விடியற்காலை கிளம்பிய குழு, குமுளி வழி என்றால் முதல் குழுக்களோடு நடந்திருக்கும். சுற்று வழியில் போனால் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்கிறது. வாசல் மூடப்போகிறது என்ற பதற்றத்தில் சாப்பிடாமல், கால் நீட்டாமல், ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வந்த மரத்த காலோடு நேராகப் பாதையில் இறங்குகிறார்கள். அப்படி இறங்குகிறவர்கள் புல்மேட்டில் நடுவெயிலிலும் கழுதைக்குழி இறக்கத்தில் பொழுது சாயும் நேரத்திலும் மாட்டிக்கொள்கிறார்கள். பாதையில் தள்ளாடுகிறவர்களில் பலருக்குக் காரணம் வயது மட்டுமல்ல. தாமதமான தொடக்கமே அவர்களைத் தள்ளாட வைக்கிறது.

ஆகவே, ஒருவழி நடைமுறையில் இருக்கும் நாட்களிலும், சத்திரம் செல்லும் சிறு வண்டிகளையும் வேன்களையும் அதிகாலை 3 மணி முதல் 7 மணி வரை மட்டும் குமுளி வழியே அனுமதிக்கக் கேட்கிறோம். அந்த நேரத்தில் எதிரே இறங்கி வரும் வண்டி குறைவு. வண்டி உண்மையிலேயே சத்திரம்தான் போகிறது என்பதை உறுதிசெய்ய, கண்ணாடியில் ஒட்டும் வண்ணச் சீட்டைக் கம்பத்தில் கொடுத்து, எண்ணைக் குமுளி சோதனைச்சாவடியிலும் வண்டிப்பெரியாரிலும் குறித்துக்கொண்டால் போதும். பெரிய பஸ்களுக்கு இந்தச் சலுகையை நாங்கள் கேட்கவில்லை. கம்பத்தில் திருப்பி விடுவது தமிழகக் காவல்துறை. ஆகவே தேனி மாவட்ட ஆட்சியருடன் நடக்கும் முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகத் தாங்கள் சேர்க்க வேண்டும்.

அடுத்தது, வழி மூடப்படும் நாள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்த மழையில் புல்மேடு வழி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அது சரியான முடிவு. இரண்டு நாள் மழை குடித்த புல்மேட்டில் மஞ்சு இறங்கினால் பத்தடி முன்னால் போகிறவர் தலையில் இருக்கும் இருமுடி தெரியாது. கீழே காட்டு இறக்கத்தில் களிமண்ணும் வேரும் சேர்ந்து வெறுங்காலை நிற்க விடாது. மூடியதைக் குறித்து எங்களுக்கு மனக்குறை இல்லை. இத்தகைய முடிவு மலை ஏறிய பிறகு தெரிவதுதான் கஷ்டம்.

அன்றாட நிலையை முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் முடிவுசெய்து, கம்பம் பேருந்து நிலையம், லோயர் கேம்ப், குமுளி ஆகிய மூன்று இடங்களில் தமிழிலும் மலையாளத்திலும் பலகையில் எழுதிவைக்க வேண்டும். அதில் நான்கு வரி போதும்: நாளை வழி திறப்பா மூடலா, திறப்பு என்றால் முதல் குழுவும் கடைசிக் குழுவும் எத்தனை மணிக்கு, நேரில் பதிவு செய்யும் ஸ்பாட் புக்கிங் சத்திரத்தில் நடக்கிறதா, மூடல் என்றால் மாற்று எது. நான்காவது வரியைத் தனியாக வலியுறுத்துகிறோம். சத்திரம் மூடினால் பெரிய பாதையில் உள்ள முக்குழி போய்விடலாம், அழுதைக்கடவில் ஏறிவிடலாம் என்று பலர் நினைத்து முண்டக்கயம், கோருத்தோடு பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். மழைக்காக மூடும்போது அந்தக் காட்டு வழியும் சேர்ந்தே மூடப்படுவதுதான் வழக்கம். அன்றைக்கு உண்மையான மாற்று நிலக்கல், பம்பை மட்டும்தான். ‘காட்டு வழி அனைத்தும் மூடல், நிலக்கல் செல்லவும்’ என்று பலகையில் இருந்தால் ஒரு குழுவின் அரை நாள் மிச்சம்.

காலை 6 மணிக்கு அதே பலகையை ஒருமுறை சரிபார்த்துத் திருத்த வேண்டும். யானைக் கூட்டம் பாதையில் நின்றால் 7 மணி என்பது 8 ஆகலாம், 9 ஆகலாம். அது யார் கையிலும் இல்லை; ஆனால் தெரிந்தால் அடிவாரத்திலேயே கஞ்சி குடித்துவிட்டு வரலாம்.

இனி பாதை. தொடக்கத்தில் ஏற்றம் கடுமை இல்லை. காடும் புல்வெளியும் மாறி மாறி வரும். நடுப்பகுதி புல்மேடு: நிழல் கிடையாது, காற்று மட்டும் இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் அந்தச் சரளைக்கல் சூடேறி, செருப்பில்லாத பாதத்தில் முதலில் எரிச்சலாகத் தொடங்கிப் பிறகு கொப்புளமாகிவிடும். புல்மேடு தாண்டியதும் அடர்காட்டு இறக்கம். முதல்முறை மலைக்கு வரும் கன்னிசாமிகள் பலரும் இறக்கம்தானே என்று வேகத்தைக் கூட்டுவார்கள். முழங்கால் கழன்றுபோவது அங்கேதான். இருமுடியை ஒரு கையால் பிடித்திருக்கும்போது சறுக்கினால் ஊன்ற ஒரே கை. ஆகையால் இந்த இறக்கத்தில் கயிறு கட்டித் தர வேண்டும். மரத்துக்கு மரம் இடுப்பளவு உயரத்தில், செங்குத்தான வளைவுகளில் மட்டும். முழுப் பாதைக்கும் வேண்டாம், படிக்கட்டு கட்டவும் வேண்டாம். காட்டுக்குள் சிமெண்ட் வரக் கூடாது என்பதில் நாங்களும் வனத்துறையின் பக்கம். கயிறு என்றால் சீசன் முடிந்ததும் அவிழ்த்துவிடலாம்.

யாராவது விழுந்தாலோ மார்பு வலித்தாலோ, அவரை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்ற கேள்விக்கு இடத்தைப் பொறுத்துத்தான் பதில். உப்புப்பாறையிலிருந்து வண்டிப்பெரியார் பக்கத்துக் கோழிக்கானத்துக்கு ஜீப் பாதை இருக்கிறது. ஆகவே அதற்கு மேலே விழுந்தவரை உப்புப்பாறைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கீழே கழுதைக்குழிப் பக்கம் விழுந்தவரை மேலே தூக்குவது வீண். ஸ்ட்ரெச்சரில் சன்னிதானம் மருத்துவமனைக்கு இறக்குவதே வழி. ஆனால் தகவல் சொல்கிறவருக்கு அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிவதில்லை. ‘ஒரு பெரிய மரத்தடியில் இருக்கிறோம்’ என்பார். அந்தக் காட்டில் எல்லாம் பெரிய மரம். கைபேசி சிக்னலும் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. கிடைக்கிற அரை நிமிடத்தில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு எண்கல் கேட்கிறோம். 500 மீட்டருக்கு ஒன்று, 12 கிலோமீட்டருக்கு 24. கல்லே வேண்டும் என்பதில்லை. மரக்கம்பத்தில் மஞ்சள் வண்ணம் பூசி, இரு புறமும் எண் எழுதினால் போதும். எண்ணுக்குக் கீழே அவசரத் தொலைபேசி எண்ணும், ஆள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற அம்புக்குறியும் இருக்கட்டும். சத்திரத்தில் பக்தரின் கையில் கொடுக்கும் சீட்டிலேயே இந்த 24 எண்களையும், தண்ணீர் கிடைக்கும் எண்கள் எவை என்பதையும் அச்சிட்டுவிட்டால், அதுவே வழிகாட்டி.

தண்ணீரைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. மேல்பாதியில் தண்ணீர் வைக்கும் இடங்கள் உண்டு. ஆனால் தாகமும் தசைப்பிடிப்பும் பிடிப்பது கீழ்ப்பாதி இறக்கத்தில். கழுதைக்குழிக்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டியும், உப்புக் கரைசல் பொட்டலமும் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால், ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இல்லாமல் யாரும் மாலை போட்டு வர வேண்டாம் என்று எங்கள் பகுதிக் குழுக்களிடம் நாங்கள் சொல்லிவிடுகிறோம்.

நேரத்தை நீட்டித்துத் தாருங்கள் என்று இந்த மனுவில் நாங்கள் கேட்கவில்லை. யார் கேட்டாலும் தாங்கள் தரக் கூடாது. 2011 ஜனவரி 14 அன்று மகரஜோதி பார்த்துவிட்டு இருட்டில் திரும்பிய கூட்டம் புல்மேட்டுப் பாதையில் நெரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள், எங்கள் மொழிக்காரர்கள் பலர். இந்தப் பாதையில் கூட்டம் சேரவும் கூடாது, பொழுது சாயவும் கூடாது. ஒரு மணிக்கு மூடுவது சரி. சீக்கிரம் வந்து சேர வழி செய்யுங்கள் என்பதே வேண்டுதல். இரு முனையிலும் தலைக்கணக்கு ஒத்துப்பார்ப்பதும் இதோடு சேர்ந்தது: சத்திரத்தில் நுழைந்த எண்ணிக்கையும் பாண்டித்தாவளத்தில் வந்து சேர்ந்த எண்ணிக்கையும் மாலை 6 மணிக்குப் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் அன்றிரவே தேட வேண்டும்.

பயணத்தின் மறுமுனை பற்றியும் சொல்ல வேண்டும். சத்திரத்தில் நடை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தரிசனம் முடித்துப் பம்பையில்தான் இறங்குகிறார்கள். அவர்கள் வந்த வண்டியோ சத்திரத்தில் நிற்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு வண்டிகள் நிற்கும் முதன்மைத் தளம் நிலக்கல் என்றாகிவிட்டதால், டிரைவர் காலி வண்டியைக் குட்டிக்கானம், முண்டக்கயம், எருமேலி சுற்றி அங்கே கொண்டுபோக வேண்டும். இரவு கண்விழித்த டிரைவர் பகலிலும் தூங்காமல் அந்த மலைச்சாலையில் ஓட்டுகிறார். திரும்பும் இரவு விபத்துகளுக்கு இங்கேயே விதை விழுகிறது. பம்பையிலிருந்து வண்டிப்பெரியார் வழியாகக் குமுளிக்குக் கூடுதல் அரசுப் பேருந்துகளும், வண்டிப்பெரியாரிலிருந்து சத்திரத்துக்கு அதிகாலை 5 மணி முதல் இணைப்பு வண்டியும் விட்டால், வண்டி ஓரிடத்திலேயே நிற்கும், டிரைவரும் தூங்குவார்.

பீருமேடு வட்டம் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. அறிவிப்பு, ஒலிபெருக்கி, சீட்டு மூன்றிலும் தமிழ் இருக்க அவர்களிலிருந்தே தற்காலிக ஊழியர்களை எடுக்கலாம்.

சத்திரத்தில் ஒரு பலகை கட்டாயம் வேண்டும்: ‘இந்த வழியில் பம்பை நீராடலும் சரங்குத்தியும் வராது.’ கன்னிசாமியை அழைத்து வந்துவிட்டுச் சன்னிதானத்துக்குப் பின்னால் இறங்கியதும் சரங்குத்தியில் குத்த வேண்டிய சரக்கோலைக் கையில் வைத்துத் திகைத்து நிற்கிறவர்கள் உண்டு. அங்கேயே தெரிந்தால், குருசாமி வேறு வழியைத் தேர்ந்துகொள்வார்.

கம்பம் பேருந்து நிலையத்தில் பலகை எழுத ஆள், சாக்பீஸ், இரவு விளக்கு மூன்றுக்கும் நாங்கள் பொறுப்பு. தகவலை இரவு 8 மணிக்கு ஓர் எண்ணிலிருந்து சொல்ல ஓர் அலுவலரை மட்டும் தாங்கள் நியமித்துத் தர வேண்டுகிறோம். கார்த்திகை முதல் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பாக ஆணை கிடைத்தால், மாலை போடும்போதே எல்லாக் குழுக்களுக்கும் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்குப் பகுதி குருசாமிகள், வழிநடைத் தொண்டர்கள்

இடம்: கம்பம்

நகல்:
மாவட்ட ஆட்சியர், தேனி
துணை இயக்குநர், பெரியார் புலிகள் காப்பகம் மேற்குப் பிரிவு, பீருமேடு